ஏபெல் பரிசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதத்தில் எனக்கு இரண்டு வகையான போன் வரும். பொதுத்தேர்வுக் கணக்குத்தாளில் அந்த ஐந்து மார்க் கேள்விக்கு விடை என்ன என்று கேட்பது ஒன்று. ஏபெல் பரிசு அறிவிப்பு பேப்பரின் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்ததும், "சார், கணக்குக்கு நோபல் மாதிரி ஒண்ணு கொடுக்கறாங்களாமே, அது என்ன?" என்று கேட்பது இன்னொன்று. ட்யூஷன் எடுக்கிறவனுக்கு முதல் வகை பழகிப்போனது. இரண்டாவது வகைக்கு ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். பேசியதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் தொண்டையாவது பிழைக்கும்.

ஏபெல் பரிசு என்றால் என்ன? யார் கொடுக்கிறார்கள்?

நார்வே நாட்டின் அறிவியல் மற்றும் இலக்கிய அகாடமி கணிதத்துக்காக ஆண்டுதோறும் தரும் பரிசு. அந்த அகாடமி 1857-இல் தொடங்கியது, ஆஸ்லோவில் இருக்கிறது. பரிசுக்கான பணம் நார்வே அரசுடையது. 2003-இல் முதல் பரிசு பிரான்ஸின் ழான்-பியேர் செர்ருக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு, நார்வேயில் பிறந்த கணித மேதை அட்லே செல்பர்க்குக் கௌரவப் பரிசு ஒன்றைக் கொடுத்துப் பிள்ளையார் சுழி போட்டார்கள்.

ஏபெலா, அபெலா, ஆபெலா?

நார்வேக்காரர்கள் சொல்வது ஏறக்குறைய "ஆபெல்". நம் பத்திரிகைகள் "ஏபெல்" என்றே எழுதிப் பழகிவிட்டன. பள்ளிக் கணக்கில் "எபீலியன் குலம்" என்று ஒன்றைப் படித்திருப்பீர்களே, அந்த எபீலியனும் இவர்தான். ஒரே மனிதருக்குத் தமிழில் மூன்று பெயர். நான் ஏபெல் என்றே எழுதுகிறேன்.

யார் இந்த ஏபெல்?

நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல். 1802-இல் பிறந்து 1829-இல் காசநோயில் இறந்தார். வயது 26.

அப்பா பாதிரியார். குடும்பம் நொடித்துப்போன சமயத்தில் அவரும் இறந்துவிட, 18 வயதுகூட நிரம்பாத பையன் தலையில் அம்மாவும் தம்பி தங்கைகளும் விழுந்தார்கள். அவன் படித்த பள்ளியில் அதற்கு முன் ஒரு சம்பவம் நடந்திருந்தது. பாடர் என்ற கணக்கு வாத்தியார் ஒரு மாணவனை அடித்தார், அடிபட்ட பையன் சில நாளில் இறந்துபோனான். வாத்தியாரை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு ஹோல்ம்போ என்ற இளைஞரைப் போட்டார்கள். ஏபெலைவிட ஏழு வயதுதான் பெரியவர். பையனிடம் என்னவோ இருக்கிறது என்று கண்டுகொண்டு, பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஆய்லர், லக்ராஞ்ச் போன்றவர்களின் மூல நூல்களையே கையில் கொடுத்தார். பிற்பாடு ஏபெல் தன் நோட்டுப் புத்தகத்தில், முன்னேற வேண்டுமானால் மேதைகளைப் படிக்க வேண்டும், அவர்களுடைய சீடர்களை அல்ல என்ற பொருளில் ஒரு வரி எழுதிவைத்தார். அது ஹோல்ம்போவிடம் கற்றதுதான்.

பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. பேராசிரியர்கள் சிலர் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இவரைப் படிக்கவைத்தார்கள்.

இருபடிச் சமன்பாட்டுக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்கிறோம். முப்படிக்கும் நாற்படிக்கும் அப்படிப்பட்ட சூத்திரங்களை 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தாம்படிக்கு மட்டும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் கிடைக்கவில்லை. பள்ளி மாணவனாக இருந்தபோது ஏபெலும் கிடைத்துவிட்டது என்றுதான் நம்பினார். கோபன்ஹேகனில் இருந்த டேகன் என்ற பேராசிரியர், "எங்கே, ஒரு எண் உதாரணம் போட்டுக் காட்டு" என்றார். போட்டுப் பார்த்தபோது தப்பு தெரிந்தது. பிறகு 1824-இல், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் ஆகியவற்றை மட்டும் வைத்து ஐந்தாம்படிக்குப் பொதுவான சூத்திரம் எழுதவே முடியாது என்று நிரூபித்தார். சொந்தக் காசில் அச்சடிக்க வேண்டியிருந்ததால் ஆறு பக்கத்துக்குள் சுருக்கினார். சுருக்கியதில் அது பலருக்குப் புரியாமலும் போனது.

பாரிஸில் அவருடைய கட்டுரையைத் தொலைத்துவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. ஓர் அகாடமி ஏபெல் பெயரில் பரிசு தருகிறது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கதைதான்.

அரசு கொடுத்த பயணப் பணத்தில் ஏபெல் 1825-இல் பெர்லினுக்குப் போனார், அங்கிருந்து பாரிஸ். பெர்லினில் கிரெல்லே என்ற பொறியாளர் கிடைத்தார். கணிதத்தின் மேல் பெரும் ஆசை கொண்ட அவர் 1826-இல் ஓர் ஆய்விதழே தொடங்கினார். அதன் முதல் தொகுதியில் ஏபெலின் கட்டுரைகள் பல இருக்கின்றன. பாரிஸில் அப்படி யாரும் வாய்க்கவில்லை. அங்கே பெரிய கணித மேதைகள் லெஜாண்டரும் கோஷியும். லெஜாண்டர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், ஆனால் ரொம்ப வயதாகிவிட்டது. கோஷி ஒரு கிறுக்கர், ஆனாலும் கணிதம் எப்படிச் செய்ய வேண்டும் என்று இன்றைக்குத் தெரிந்தவர் அவர்தான். ஹோல்ம்போவுக்கு எழுதிய கடிதத்தில் ஏபெல் தெரிவித்த அபிப்பிராயம் இது.

1826 அக்டோபர் 30 அன்று பிரெஞ்சு அறிவியல் அகாடமியிடம் ஒரு பெரிய கட்டுரையைக் கொடுத்தார். மதிப்பிட வேண்டியவர்கள் அதே கோஷியும் லெஜாண்டரும். கோஷி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கேயோ வைத்தார், அதோடு சரி. ஏபெல் வருஷக் கடைசி வரை பதிலுக்குக் காத்திருந்து, கையிருப்பு கரைந்ததும் கிளம்பினார். ஊருக்குத் திரும்பியவருக்கு நிரந்தர வேலை இல்லை. 1828 கிறிஸ்துமஸ் சமயத்தில் உடம்பு சரியில்லாமலே பனியில் சறுக்குவண்டி ஏறி, நிச்சயிக்கப்பட்டிருந்த கிறிஸ்டீனைப் பார்க்க ஃப்ரோலாந்துக்குப் போனார். அங்கே படுத்தவர் எழவில்லை. இறந்தது 1829 ஏப்ரல் 6. பெர்லினில் உனக்கு வேலை உறுதியாகிவிட்டது என்று கிரெல்லே கடிதம் எழுதியது ஏப்ரல் 8.

பிரெஞ்சு அகாடமி 1830-இல் தன் பெரும் பரிசை ஏபெலுக்கும் யாகோபி என்ற ஜெர்மன் கணிதவியலாளருக்கும் சேர்த்து அறிவித்தது. செத்தவருக்குப் பரிசு. தொலைந்த கட்டுரை 1841-இல் ஒருவழியாக அச்சேறியது. கூத்து அதோடு முடியவில்லை. அச்சுவேலையைக் கவனித்த குலியெல்மோ லிப்ரி, நூலகங்களில் அரிய புத்தகங்களைத் திருடியதற்காகப் பின்னால் பேர்போனவர். கையெழுத்துப் பிரதி மறுபடி காணாமல் போனது. 1952-இல் விகோ புரூன் என்ற நார்வே கணிதவியலாளர் அதை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து நூலகம் ஒன்றில் கண்டுபிடித்தார். அப்போதும் சில தாள்கள் குறைந்தன.

கணிதத்துக்கு நோபல் ஏன் இல்லை? மனைவி விவகாரம் என்கிறார்களே?

நோபலின் மனைவியை ஒரு கணிதவியலாளர் கவர்ந்துகொண்டார், அந்தக் கோபத்தில் நோபல் கணிதத்தை ஒதுக்கினார் என்பது காலேஜ் காண்டீனில் தலைமுறை தலைமுறையாக ஓடும் கதை. நோபலுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கதை அங்கேயே படுத்துவிடுகிறது. டைனமைட் செய்த தொழிலதிபர் அவர். மனித குலத்துக்குப் பயன்படுவதற்குத் தரவேண்டும் என்று 1895-இல் உயில் எழுதியபோது, தனக்குப் பழக்கமான துறைகளை எழுதினார். கணிதம் அவர் நினைவில் இல்லை என்பதே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏபெல் இறந்தது 1829-இல், பரிசு வந்தது 2003-இல். நடுவில் என்ன செய்தார்கள்?

முயற்சி செய்தார்கள். நோபல் திட்டத்தில் கணிதம் இல்லை என்று தெரிந்ததும், ஏபெல் பெயரில் பரிசு வைக்கலாம் என்று சோஃபுஸ் லீ என்ற நார்வே கணிதவியலாளர் ஐரோப்பா முழுக்கக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டினார். 1899-இல் அவர் இறந்தார். 1902-இல் ஏபெலின் நூற்றாண்டு. அப்போது நார்வேயும் ஸ்வீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. இரண்டாம் ஆஸ்கர் மன்னர் பரிசுக்கு ஆர்வம் காட்ட, சீலோ, ஸ்டோர்மர் என்ற நார்வே கணிதவியலாளர்கள் விதிமுறைகள்கூட எழுதிவிட்டார்கள். 1905-இல் இரு நாடுகளும் பிரிந்தன. புது நாட்டுக்கு ஆயிரம் செலவு, பரிசு கிடப்பில் போனது.

அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள். ஏபெல், லீ இருவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிய ஆரில்ட் ஸ்டூபௌக், பழைய திட்டத்தைப் பற்றி 2000-இல் டெலினோர் தொலைபேசி நிறுவனத் தலைவரிடம் சொல்லப்போய், பேச்சு மறுபடி சூடுபிடித்தது. 2001 ஆகஸ்டில் பிரதமர் யென்ஸ் ஸ்டோல்டன்பெர்க் 20 கோடி குரோன் நிதியை அறிவித்தார். நேட்டோ தலைவராக இருந்தாரே, அதே ஸ்டோல்டன்பெர்க்தான்.

பரிசுத்தொகை எவ்வளவு?

முதலில் 60 லட்சம் நார்வே குரோன், 2019 முதல் 75 லட்சம். ஒரு குரோன் எட்டு ரூபாய் என்று குத்துமதிப்பாக வைத்தால் 6 கோடி ரூபாய். இருவருக்குக் கொடுத்தால் பங்கு. 2004, 2008, 2015, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அப்படி இருவர் இருவராகக் கொடுத்தார்கள்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? விண்ணப்பம் போடலாமா?

ஐந்து கணிதவியலாளர்கள் கொண்ட குழு. உறுப்பினர்களின் பெயர்களைச் சர்வதேசக் கணித ஒன்றியமும் ஐரோப்பியக் கணிதச் சங்கமும் முன்மொழிகின்றன. குழு சொல்லும் பெயரை அகாடமி மார்ச்சில் அறிவிக்கும், மே மாதம் ஆஸ்லோவில் விழா. நார்வே மன்னர் கையால் பரிசு. பல்கலைக்கழகத்தின் பழைய அரங்கில், எட்வர்ட் மூங்க் வரைந்த பிரம்மாண்டமான ஓவியங்களுக்கு நடுவே நடக்கும்.

விண்ணப்பம் கிடையாது. யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ளக் கூடாது. நம்மூர் விருதுகளுக்கு மூன்று பிரதியும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் இணைத்துத் தாங்களே மனுப் போட்டுப் பழகியவர்கள் இந்த விதியைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். பரிந்துரைக்கப்படுபவர் உயிரோடு இருக்க வேண்டும். அறிவிப்புக்குப் பிறகு இறந்துபோனால் பரிசு செல்லும்.

ஃபீல்ட்ஸ் பதக்கமும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஃபீல்ட்ஸ் பதக்கமும் கணிதத்துக்குத்தான், ஆனால் நாலு ஆண்டுக்கு ஒருமுறை, 40 வயதைத் தாண்டாதவர்களுக்கு. 15,000 கனடா டாலர், அவ்வளவே. ஏபெலுக்கு வயது வரம்பில்லை. செர்ருக்கு ஃபீல்ட்ஸ் கிடைத்தது 1954-இல், 27 வயதில். ஏபெல் கிடைத்தபோது 76. அட்டியா, தாம்ப்சன், மில்னர், டெலின், மார்குலிஸ் இவர்களும் இரண்டையும் வாங்கியவர்கள்.

ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸ் இன்னொரு மாதிரி. நிரூபணம் 1995-இல் முழுமையாக வெளிவந்தபோது அவர் 40-ஐத் தாண்டியிருந்தார். ஃபீல்ட்ஸ் கிடைக்கவில்லை, ஒரு வெள்ளித் தகடு கொடுத்துச் சமாளித்தார்கள். 2016-இல் ஏபெல் அவருக்கு வந்தது. வயது வரம்பு இல்லாத பரிசு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் வைல்ஸைத்தான் காட்டுவேன்.

தமிழர் யாராவது வாங்கியிருக்கிறார்களா?

2007-இல் எஸ்.ஆர். ஸ்ரீனிவாச வரதன். 1940 ஜனவரி 2 அன்று சென்னையில் பிறந்தவர். அப்பா ரங்க ஐயங்கார் அறிவியல் ஆசிரியர், பிறகு பொன்னேரி போர்டு ஹைஸ்கூலின் தலைமையாசிரியர். திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியேதான். உயர்நிலைப் பள்ளியில் தனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் ஒருவரைப் பற்றி வரதன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். வார இறுதியில் சில மாணவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குகளை விளையாட்டுப் போலக் கொடுப்பாராம். பரீட்சைக்காக இல்லாமல் சும்மா மகிழ்ச்சிக்காகக் கணக்குப் போடலாம் என்பது அங்கே தெரிந்ததாம். நூற்று முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோல்ம்போ ஏபெலுக்குச் செய்த காரியம் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. வேறு ஊர், வேறு வாத்தியார்.

மாநிலக் கல்லூரியில் 1959-இல் புள்ளியியல் பட்டம். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம். போனபோது இருந்த எண்ணம், தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகலாம் என்பது. அங்கே கே.ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ், வி.எஸ். வரதராஜன் என்ற கூட்டணி அவரைச் சுத்தக் கணிதத்துக்கு இழுத்துவிட்டது. வழிகாட்டி சி.ஆர். ராவ். நிகழ்தகவியலுக்கு நவீன அடித்தளம் போட்ட ரஷ்யர் கோல்மோகோரோவ், வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர். 23 வயதில் தேர்வுக்கு நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்பவர் அந்தத் துறையையே கட்டியவர் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் கணித நிறுவனத்துக்குப் போனார். விமான நிலையத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு ஜன்னலில்லாத ஓர் அறை கொடுத்தார்கள். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தொப்பி ஃபாக்டரி. பிறகு வாழ்நாள் முழுக்க அவருடைய இடம் அந்தக் கூரண்ட்தான். 2008-இல் பத்மபூஷண், 2023-இல் பத்மவிபூஷண்.

வரதன் அப்படி என்ன கண்டுபிடித்தார்? எங்களுக்குப் புரிகிற மாதிரி?

பெருவிலகல் கோட்பாடு என்று பெயர். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் சொல்கிறேன்.

10 முறை சுண்டினால் சராசரியாக 5 தலை விழ வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் விழுவதற்கு வாய்ப்பு 1024-இல் 176, கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. வகுப்பில் ஆறு பையன்களைச் சுண்டச் சொன்னால் ஒருவனுக்கு விழுந்துவிடும், "சார், எனக்கு!" என்று கத்துவான். இப்போது 100 முறை. 70 அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு ஏறத்தாழ 25,000-இல் ஒன்று. பள்ளிக்கூடம் மொத்தமும் ஆளுக்கு ஒரு தடவை நூறு நூறாகச் சுண்டினாலும் அநேகமாக வராது. 1000 முறை சுண்டி 700 அல்லது அதற்கு மேல்? 1 போட்டு 37 பூஜ்ஜியம் எழுதுங்கள், அதில் ஒன்று. விகிதம் அதே எழுபது சதம்தான், ஆனால் எண்ணிக்கை ஏற ஏற வாய்ப்பு அதலபாதாளத்துக்குப் போகிறது. போகும் வேகத்தை ஒரே ஓர் எண் தீர்மானிக்கிறது. நாணயத்துக்கு அந்த எண்ணைக் கணக்கிடுவது சுலபம்.

நிஜ உலகில் நாணயம் மட்டுமா இருக்கிறது? ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒரே வருஷம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான இழப்பீடு கேட்டு வந்தால் அது திவாலாகும். ஸ்வீடனின் ஹரால்ட் கிராமர் 1930-களில் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். வரதன் 1966-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையும், பிறகு மன்றோ டான்ஸ்கருடன் சேர்ந்து எழுதிய தொடரும், நாணயத்துக்கும் காப்பீட்டுக்கும் வாயுத் துகள்களுக்கும் ஒரே சட்டகத்தைக் கொடுத்தன. அரிதான நிகழ்ச்சி எவ்வளவு அரிது என்பதோடு, அது நடந்தே தீர்ந்தால் எந்த வழியாக நடந்திருக்கும் என்றும் அதை வைத்துச் சொல்ல முடியும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பாதி. நடக்கவே நடக்காது என்று நாம் தள்ளிவிடுகிற ஒன்றுக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

பரிசு பெற்றவர்களில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யார்?

எல்லோரும்தான். எனக்கு நினைவில் நிற்பவர்கள் இருவர்.

2015-இல் ஜான் நாஷும் லூயி நீரன்பர்க்கும் பகிர்ந்துகொண்டார்கள். நாஷ் ஏற்கெனவே பொருளாதார நோபல் வாங்கியவர், நீண்டகாலம் மனநோயோடு போராடியவர். மே 19 அன்று ஆஸ்லோவில் மன்னர் கையால் பரிசு வாங்கினார். மே 23 அன்று நியூஜெர்சி விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் டாக்ஸி விபத்தில் அவரும் மனைவி அலிசியாவும் இறந்தார்கள்.

2024-இல் மிஷேல் தாலாக்ராண். பிரெஞ்சுக்காரர், வரதனைப் போலவே நிகழ்தகவியல். ஐந்து வயதில் விழித்திரை பிரிந்து வலக்கண் போனது. 15 வயதில் அடுத்த கண்ணிலும் அதே பிரச்சினை. கண்ணைக் கட்டி ஆஸ்பத்திரியில் படுக்கை. கணக்கு வாத்தியாரான அப்பா தினமும் வந்து கணிதம் பேசினார். பார்வை போய்விடும் என்ற பயத்தில் விழுந்து விழுந்து படிக்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்களா?

2025 வரை ஒரே ஒருவர், 2019-இல் அமெரிக்காவின் காரன் உலன்பெக். சோப்புக் குமிழி ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது போன்ற கேள்விகளின் கணிதத்தில் அடித்தளமான வேலை செய்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பரிசில் ஒரு பெண் என்பது குறைவுதான், பூசி மெழுக ஒன்றுமில்லை.

வயதானவர்களுக்கே கொடுக்கிறார்களே, அந்தப் பணத்தை இளைஞர்களுக்குக் கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. நீரன்பர்க்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 90. 26 வயதில் செத்த ஏபெல், அவர் பெயரில் உள்ள பரிசை வாங்கும் வயதுவரை வாழவே இல்லை. இதைச் சொல்லி என்னோடு வாதாடிய கல்லூரி மாணவர் ஒருவரிடம் நான் பதில் சொல்ல முடியாமல் திணறியிருக்கிறேன்.

இப்போது சொல்வதானால் இப்படிச் சொல்வேன். கணிதத்தில் ஒரு யோசனை எவ்வளவு ஆழம் என்று தெரியவே முப்பது நாற்பது ஆண்டு பிடிக்கிறது. வரதனின் கட்டுரை 1966, பரிசு 2007. பெரிய பரிசு தாமதமாகத்தான் வரும். ஆனால் ஏபெல் நிதியின் பணம் முழுக்க முதியவர்களுக்குப் போகவில்லை, அடுத்த இரண்டு கேள்விகளைப் பாருங்கள்.

ராமானுஜனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. வளரும் நாடுகளில் வேலை செய்யும் இளம் கணிதவியலாளர்களுக்கு இத்தாலியின் திரியெஸ்த் நகரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம் ஆண்டுதோறும் ராமானுஜன் பரிசு தருகிறது. 2005-இல் தொடங்கியபோது அதற்குப் பணம் தந்தது நார்வேயின் ஏபெல் நிதி. காசநோயில் 26 வயதில் இறந்தவர் பெயரிலிருந்த பணம், நோயில் நலிந்து 32 வயதில் இறந்த கும்பகோணத்துக்காரர் பெயரில் பரிசானது. 2006-இல் அதை வாங்கியவர் இந்தியாவின் சுஜாதா ராமதுரை. இப்போது இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை செலவை ஏற்றுக்கொள்கிறது.

வாத்தியார்களுக்கு ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வியை எந்த மாணவரும் கேட்டதில்லை, நானே போட்டுக்கொண்டேன். ஏபெலின் ஆசிரியர் பெயரில் ஹோல்ம்போ பரிசு என்று ஒன்று 2005 முதல் இருக்கிறது. நார்வேயின் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மட்டும். மன்னர் கையால் வாங்கும் மேதைக்கும், எட்டாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கும் ஒரே வாரத்தில் ஆஸ்லோவில் விழா நடக்கிறது. ஏபெல் ஏற்பாட்டிலேயே எனக்கு அதிகப் பொறாமை தருவது இதுதான்.

அறிவியலாளர்களுக்கு இந்த அகாடமி எதுவும் தருவதில்லையா?

தருகிறது. காவ்லி பரிசு, 2008 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வானியற்பியல், நானோ அறிவியல், நரம்பியல் என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 10 லட்சம் அமெரிக்க டாலர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் சென்சார் தொழிலில் சம்பாதித்த ஃபிரெட் காவ்லியின் அறக்கட்டளைப் பணம். மிகப் பெரியது, மிகச் சிறியது, மிகச் சிக்கலானது என்று மூன்று பிரிவுகளையும் அவர்களே விளக்கிக்கொள்வார்கள்.

என் பையன் கணக்கில் செண்டம் எடுக்கிறான். ஏபெல் பரிசுக்கு எப்படித் தயார் செய்வது?

இந்தப் போன் உண்மையிலேயே வந்தது. கோச்சிங் சென்டர் கிடையாது அம்மா, என்றேன். எதிர்முனையில் கொஞ்சம் ஏமாற்றம். பையன் ஒரே கணக்கை மூன்று நாள் வைத்துக்கொண்டு தவித்தால் திட்டாதீர்கள், விடையை வீடியோவில் தேடிக் காட்டாதீர்கள் என்றும் சொன்னேன். பிளஸ் டூ முடிக்கிற சமயத்தில் சென்னைக் கணிதவியல் நிறுவனம், கொல்கத்தா புள்ளியியல் நிறுவனம் போன்ற இடங்களின் நுழைவுத்தேர்வுகளைப் பற்றி யோசிக்கலாம். "அப்போ இன்ஜினியரிங்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆஸ்லோ போனால் ஏபெலைப் பார்க்க முடியுமா?

அரண்மனைப் பூங்காவில் குஸ்தாவ் வீகலான் செய்த சிலை இருக்கிறது, 1908-இல் திறந்தது. ஏபெல் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் ஒன்றே ஒன்று, 1826-இல் பாரிஸில் கோர்பிட்ஸ் என்ற நார்வே ஓவியர் வரைந்தது. மெலிந்த முகம், கோட்டு, கழுத்தில் துணி. சிலை அந்த முகத்தை லட்சியமே செய்யவில்லை. இரண்டு உருவங்களின் மேல் ஏறி நிற்கும் ஆடையில்லாத இளைஞன், காற்றில் பறப்பவன் மாதிரி. பரிசு பெறுபவர் ஒவ்வோர் ஆண்டும் விழாவை ஒட்டி அங்கே போய் மாலை வைப்பது வழக்கம். சிலை உயரத்தில் இருப்பதால் கழுத்தில் போட முடியாது, பீடத்தடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.